நூற்றுப் பதின்மூன்றாவது வீடு

ஜூலை 3, புதன்

இயக்குநர் எமல்டா மேடம் இன்று எல்லோரையும் கூப்பிட்டு, ஆகஸ்டில் மதிப்பீட்டுக் குழு வருகிறது, அதுவரை அவரவர் பார்க்கும் வேலையைத் தினமும் எழுதி வையுங்கள் என்றார்கள். எல்லோரும் என்றால் யார் யார் என்று பேராசிரியர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பூமிநாதனும்தான் என்றார்கள் மேடம். ஆகவே இந்த டைரி. சிமெண்ட் கம்பெனி கொடுத்தது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ‘விரிசலுக்கு இடமில்லை’ என்று அச்சடித்திருக்கிறது. பார்க்கலாம்.

என்னைப் பற்றி. வயது ஐம்பத்தொன்று. பல்கலைக்கழகத்தின் பொது விவகாரப் பள்ளியில் அலுவலக உதவியாளர். படிப்பு பிளஸ் டூ. அதாவது பிளஸ் டூ வரை நான் போனேன், அது என்னைத் திருப்பி அனுப்பிவிட்டது. இங்கே படிப்பவர்கள் பஞ்சாயத்து எப்படி நடக்கிறது, ரேஷன் அரிசி எங்கே போகிறது என்பதையெல்லாம் படித்துப் பெரிய பதவிகளுக்குப் போகிறார்கள். ஆனால் பள்ளி என்று பெயர் இருப்பதால் எங்கள் தெருவில் எல்கேஜி அட்மிஷனுக்கு என்னிடம் சிபாரிசு கேட்கிறார்கள். நானும் முயற்சி செய்கிறேன் என்று சொல்லிவிடுவேன். மரியாதையை ஏன் கெடுத்துக்கொள்வது.

இன்றைய வேலை: மூன்று தடவை டீ. ஆறு கடிதத்துக்கு சீல். கூரை ஒழுகும் இடத்தில் வாளி மாற்றியது.

ஜூலை 4, வியாழன்

இன்றைய வேலை: பக்கத்து ஓட்டைக்கு இன்னொரு வாளி.

ஜூலை 9, செவ்வாய்

குழுவுக்குக் கொடுக்க மேடம் அறிக்கை எழுதுகிறார்கள். மூன்று பகுதி. சாதனைகள், சமூகப் பணி, வளத் தேவைகள். வளத் தேவையில் பதினெட்டு இருந்தன. கூரை, ஆறு நிரந்தர ஆசிரியர்கள், வேனுக்கு டயர், கணக்கெடுப்புக்கு டேப்லெட். “உங்களுக்கு என்ன வேணும், பூமிநாதன்?” என்று கேட்டார்கள். ஏணி என்றேன். பத்தொன்பதாவதாக ஏணி ஏறியது.

சமூகப் பணி என்றால் வெள்ளூரணி. ஏழு வருடமாக அந்த ஊரை எங்கள் பள்ளி தத்தெடுத்திருக்கிறது. வருடா வருடம் ஜனவரியில் மாணவர்கள் வீடு வீடாகப் போய்ப் படிவம் நிரப்புவார்கள். கதவு நிலையில் நீலப் பெயிண்டில் எண் போட்டிருக்கிறோம். எண் போட்டது என் கை. இருபத்தாறாம் தேதி கிராமசபையில் அந்தப் படிவங்களை எண் வாரியாக ஊர் முன்னால் வாசிப்போம். வாசித்ததும் அந்த வீட்டுக்காரர் எழுந்து “இருக்கோம்” என்று சொல்ல வேண்டும். சொன்னால்தான் அந்தப் படிவம் செல்லும். பொய்ப் படிவம் எழுதி ஏமாற்றக் கூடாது என்று மேடம் கொண்டுவந்த ஏற்பாடு. வாசிப்பதும் நான்தான். தொண்டை மட்டும் எனக்குப் பட்டதாரித் தொண்டை.

சாதனைப் பகுதியை மேடம் வாசித்துக் காட்டினார்கள். கடைசிப் பக்கம் முழுக்க நூற்றுப் பதின்மூன்றாம் எண் வீட்டுப் பெண். ஏழாம் வகுப்போடு நிற்க இருந்தவள் நம் பள்ளியின் வழிகாட்டலால் இன்று பி.எஸ்சி. மூன்றாம் ஆண்டு. முன்கூட்டியே அனுப்பிய வரைவில் குழு அந்தப் பக்கத்தைத்தான் முதலில் படித்ததாம். ஆகஸ்ட் பதினைந்து கிராமசபைக்கு நேரிலேயே வந்து அந்தப் பெண்ணை அவள் வீட்டிலேயே பார்க்க வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள்.

இன்றைய வேலை: டீயைக் கொட்டினேன். துடைத்தேன்.

ஜூலை 10, புதன்

குழுவுக்குக் காட்டும் டைரியில் இதை எழுத முடியாது. ஆனால் எழுதாமலும் முடியவில்லை. காட்டுவதற்கு வேறு நோட்டு வாங்கிக்கொள்கிறேன்.

வெள்ளூரணியில் நூற்றுப் பதின்மூன்றாவது வீடு கிடையாது.

முதல் வருடம், 2017. மேடம் பட்டியலைப் பார்த்து நூற்றுப் பதின்மூன்று வீடு என்று மேலே எழுதி அனுப்பிவிட்டார்கள். போய்ப் பார்த்தால் கடைசி வீட்டுக்காரர்கள் திருப்பூர் போய்விட்டார்கள், குடிசையும் சரிந்துவிட்டது. நூற்றுப் பன்னிரண்டோடு ஊர் முடிந்து கருவேலங்காடு. ஒரு படிவம் வெறுமையாக இருந்தது. அப்போது நான் பதினாறாம் நாள் காரியம் முடிந்து வேலைக்குத் திரும்பிய முதல் வாரம். மரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். கையில் பேனா. நான் நிரப்பினேன்.

பெயர் யோசிக்கச் சோம்பேறித்தனம். தெரிந்த பெயர்களையே எழுதினேன். தாய், பஞ்சவர்ணம். மகள், தாரணி, வயது பன்னிரண்டு, ஏழாம் வகுப்பு. தந்தை, வெளியூரில் வேலை. கடந்த ஓராண்டில் வீட்டில் இறப்பு என்ற கட்டத்தில், இல்லை.

அடுத்த வருடம் எட்டாம் வகுப்பு என்று எழுதினேன். நிறுத்த முடியுமா? படிக்கிற பிள்ளை. கடைசி வீட்டுக்கு முள் பாதை, மாணவர்கள் வேண்டாம், நானே போகிறேன் என்று சொல்லிவிடுவேன். பத்தாம் வகுப்பில் நானூற்று அறுபத்திரண்டு மார்க் போட்டேன். ஐந்நூறு போட ஆசைதான். நம் ரத்தத்துக்கு நம்ப மாட்டார்கள்.

முதல் கிராமசபையில் நூற்றுப் பதின்மூன்று என்று வாசித்துவிட்டு, மாட்டிக்கொண்டோம் என்று தலையைத் தூக்காமல் நின்றேன். பின்னாலிருந்து சின்னக் குரல், “இருக்கோம்” என்றது. யாரோ அவசரத்தில் சொல்லிவிட்டார்கள் என்று நினைத்தேன். அடுத்த வருடமும் கேட்டது. அதற்கடுத்த வருடமும். நான் ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்த்ததில்லை. காகிதத்தைப் பார்த்து வாசிப்பவனுக்கு அது ஒரு வசதி.

ஜூலை 14, ஞாயிறு

பாப்பாவின் சைக்கிளுக்குக் காற்று அடித்தேன். யாரு ஓட்டப்போறாகன்னு மாசாமாசம் அடிக்கிறீக என்றாள் என் மனைவி பஞ்சவர்ணம். கோபமாகக் கேட்கவில்லை. டயர் படுத்தால் வெடித்துவிடும் என்று சொன்னேன். எனக்குச் சைக்கிள் விஷயத்தில் கொஞ்சம் அறிவு உண்டு.

ஜூலை 18, வியாழன்

தபாலில் குறை அட்டை ஒன்று வந்தது. வெள்ளூரணியில் வீட்டுக்குப் பத்து அட்டை கொடுத்திருக்கிறோம். முகவரியும் ஸ்டாம்பும் போட்டது. குறை இருந்தால் எழுதிப் பெட்டியில் போட்டால் எங்களுக்கு வரும், நாங்கள் உரிய ஆபீசுக்குத் தள்ளிவிடுவோம். மாதம் நாலைந்து வரும்.

இது: ‘வீட்டு எண் 113. எங்கள் பாதையில் கருவேலமுள் அதிகமாக உள்ளது. சைக்கிள் டயர் குத்திவிடுகிறது. ஆவன செய்யவும்.’ குண்டு குண்டாக எழுத்து.

எண் நூற்றுப் பதின்மூன்றின் பத்து அட்டைகளும் என் மேஜை டிராயரில் ரப்பர் பேண்ட் போட்டு, பூட்டிக் கிடக்கின்றன. யாருக்குக் கொடுப்பது? திறந்து எண்ணினேன். ஒன்பது. மறுபடி எண்ணினேன். ஒன்பது. முதலிலேயே ஒன்பதாக இருந்திருக்கும். நான் எண்ணினால் எப்போதும் ஒன்று குறையும்.

அட்டையை உரிய ஆபீசுக்குத் தள்ளவில்லை. சட்டைப் பையில் இருக்கிறது.

ஜூலை 25, வியாழன்

வேறு வழி தெரியாமல் ஒரு திட்டம் போட்டேன். வெள்ளூரணியில் ஏதாவது காலி வீட்டைப் பிடித்து நிலையில் 113 என்று எழுதிவிடுவது. கல்லூரிக்குப் போகிற யாராவது ஒரு பெண் ஒரு மணி நேரம் அங்கே உட்கார்ந்தால் போதும். தவறுதான். ஆனால் உண்மை வெளியே வந்தால் ஏழு வருடப் படிவமும் பொய் என்பார்கள். மேடத்துக்கு ஓய்வு பெற இரண்டு வருடம்தான் இருக்கிறது. பள்ளியை வணிகவியலோடு சேர்த்துவிடுவார்கள் என்று ஏற்கெனவே பேச்சு. ஆறு தற்காலிக ஆசிரியர்கள் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். நானும்தான். இன்னொன்றும் இருக்கிறது. அந்தப் படிவத்தை ரத்து செய்வார்கள். சிவப்பு மையில் குறுக்கே ஒரு கோடு.

பெயிண்ட் டப்பாவோடு பஸ் ஏறினேன். முத்திருளாயியைப் போய்ப் பார்த்தேன். நூறு நாள் வேலைக்கு அந்த ஊரில் அதுதான் பொறுப்பு. ஊரில் யார் எங்கே நிற்கிறார்கள் என்று கண்ணை மூடிச் சொல்லும். மென்று முழுங்கி விஷயத்தைச் சொன்னேன். நூற்றுப் பதின்மூன்று என்று எழுத ஒரு கதவு வேண்டும்.

“அதான் எழுதியிருக்கே அண்ணே” என்றது. “ஒங்க கையெழுத்துதான். மூணுக்கு வால் நீளமா விடுவீகள்ல.”

எங்கே என்றேன்.

“என்னாண்ணே, வருசாவருசம் நீங்கதான போறீக. என்னயக் கேக்குறீக.”

நடந்து போய்ப் பார்த்தேன். மத்தியானம் பன்னிரண்டரை. நிழல் எல்லாம் காலுக்கடியில் போய் ஒளிந்துகொண்ட நேரம். நூற்றுப் பன்னிரண்டு தாண்டி முள்ளுக்கு நடுவே ஒரு ஒற்றையடிப் பாதை. முடிவில் ஒரு ஓட்டு வீடு. கதவு பூட்டியிருந்தது. நிலையில் நீலத்தில் 113. மூன்றுக்கு வால் நீளம். பெயிண்ட் ஏழு வருடம் வெயில் பட்ட மாதிரி வெளிறி இருந்தது. வாசல் செம்மண்ணில் சைக்கிள் போன தடம், அப்போதுதான் பதிந்தது போல.

நான் தொடவில்லை. ஒரு காக்காய்கூடக் கத்தவில்லை.

திரும்பி வந்தபோது முத்திருளாயி களையெடுக்கும் பெண்களைக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்தப் புள்ள காலேசுக்குப் போயிருக்கும், அவ அம்மாவ நாங்களே பாத்ததில்ல, வேலைக்குப் போயிருக்காகன்னு சொல்லும் என்றது.

பஸ்ஸில் யோசித்துத் தெளிந்தேன். ஊர்க்காரர்களுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. பள்ளிக்கு ஒரு கஷ்டம் என்றதும் சேர்ந்து கைகொடுக்கிறார்கள். நல்ல ஜனங்கள். ஒரு வீட்டையே கட்டிக் கொடுக்கும் அளவுக்கு நல்ல ஜனங்கள்.

இன்றைய வேலை: பெயிண்ட் டப்பாவைத் திறக்காமல் திருப்பிக் கொண்டுவந்தது.

ஆகஸ்ட் 9, வெள்ளி

மேடத்திடம் சொல்லிவிடுவது என்று உள்ளே போனேன். அவர்கள் அறிக்கையை ஏழாவது தடவை திருத்திக்கொண்டிருந்தார்கள். கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்கள். “இந்தப் பள்ளியில நான் உருப்படியா செஞ்சது அந்த ஒரு பொண்ணுதான் பூமிநாதன். மத்ததெல்லாம் பேப்பர்.”

டீ வேண்டுமா என்று கேட்டுவிட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 14, புதன்

நாளைக்கு. சட்டை இஸ்திரி போட்டேன். காலரைத் தீய்த்துவிட்டேன்.

எந்த ஊருக்குப் போறீக என்று கேட்டாள் பஞ்சவர்ணம். வெள்ளூரணி என்றேன். அவளுக்கு அந்த ஊரில் ஒருவரையும் தெரியாது. படிவத்தில் அவள் பெயர் இருப்பதும் தெரியாது. ஆனாலும், அங்க முள்ளு ஜாஸ்தி, பாத்துப் போங்க என்றாள். நான் எப்போதாவது சொல்லியிருப்பேன்.

ஆகஸ்ட் 15, வியாழன்

கொடி ஏற்றினார்கள். மிட்டாய் கொடுத்தார்கள். குழுவில் மூன்று பேர். தலைவி கோயம்புத்தூர்க்கார அம்மா, வெள்ளைத் தலை, எதையும் தொட்டுப் பார்த்தே நம்புகிற கை. ஊராட்சி அலுவலகத்து முன்னால் பந்தல். மைக் என்னிடம்.

குழு பார்க்க வேண்டும் என்பதால் ஜனவரிப் படிவங்களை மறுபடி ஒன்றிலிருந்து வாசித்தேன். இருக்கோம். இருக்கோம். நாற்பத்தாறாம் எண்ணில் கிழவர் காது கேட்காமல் மூன்று தடவை கூப்பிடவேண்டியதாயிற்று. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தொண்ணூறு தாண்டியதும் மைக்கை இன்னொரு கைக்கு மாற்றினேன். முடிவு செய்துவிட்டேன். நூற்றுப் பன்னிரண்டோடு நிறுத்திவிடுவது. அந்தப் பக்கம் தொலைந்துவிட்டது என்று சொல்லிவிடுவது. என் தலையோடு போகட்டும்.

நூற்றுப் பன்னிரண்டு. இருக்கோம்.

படிவத்தை மடித்தேன். மேடம் என்னைப் பார்த்தார்கள். பந்தலில் பேச்சு நின்றது. மிட்டாய்த் தாள் சரசரப்பும் நின்றது. நான் கூப்பிடவே இல்லை.

“இருக்கோம்.”

பந்தலுக்குப் பின்னால், வெயிலில். சின்னக் குரல் இல்லை இப்போது. வளர்ந்த பெண்ணின் குரல். ஏழு வருடத்தில் குரல் மாறியிருக்கிறது. எனக்கு அது தெரியாமலே இருந்திருக்கிறது.

நான் நிமிரவில்லை.

தலைவியம்மா எழுந்து, அந்தப் புள்ளை வீட்டுக்குத்தானுங்க போகணும், வாங்க என்று புறப்பட்டுவிட்டார்கள். மேடமும் மற்ற இருவரும் பின்னால். முத்திருளாயி முன்னால் முள்ளை விலக்கிக்கொண்டு போயிற்று. நான் தண்ணீர்த் தொட்டியருகே நின்றுவிட்டேன். கால் வலி என்றேன். மத்தியானம் பன்னிரண்டரை. முள்ளுக்குள் ஐந்து பேரும் மறைந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்கள் வரும்வரை தொட்டிக் குழாய் சொட்டியதை எண்ணினேன். இருநூற்றுப் பதினொன்று. ஒன்று குறைந்திருக்கலாம்.

வந்தார்கள். தலைவியம்மா கையில் ஒரு தூக்குவாளி மோர்.

“நல்ல புள்ளைங்க. சுத்தமா வெச்சிருக்குது வீட்டை. அப்பா எங்கம்மான்னு கேட்டேன். வெளியூர்ல இருக்காக, வருசத்துக்கு ஒருக்கா வருவாகன்னுச்சு. வாசல் வரைக்கும் வருவாகளாம். உள்ள வர மாட்டாகளாம்.”

மோரை என் கையில் கொடுத்தார்கள். தொட்டிக்கிட்ட நிக்கிறவருக்குக் குடுங்கன்னு அந்தப் புள்ளைதான் குடுத்துவிட்டது என்றார்கள். பெருங்காயம் தூக்கலாக இருந்தது. எங்கள் வீட்டில் அப்படித்தான் போடுவோம்.

ஆகஸ்ட் 16, வெள்ளி

மேடம் இரண்டு தடவை சிரித்தார்கள். நான் பார்த்து நாலு வருடம் ஆகிறது. டீ கொண்டுபோனபோது, “அந்தப் பொண்ணு யாரோ தெரிஞ்சவங்க ஜாடையா இருக்கு. யாருன்னுதான் பிடிபடல” என்றார்கள். என் முகத்தைப் பார்த்தபடியே சொன்னார்கள். பிறகு பேப்பருக்குத் திரும்பிவிட்டார்கள்.

இன்றைய வேலை: தூக்குவாளியைக் கழுவி வைத்தது.

செப்டம்பர் 20, வெள்ளி

முடிவு வந்தது. பள்ளிக்கு முதல் தரம். கூரைக்கு அனுமதி. நாலு நிரந்தர ஆசிரியர்கள். வேன் டயர். டேப்லெட் பதினைந்து. எல்லோருக்கும் ஜிலேபி.

ஏணி நிராகரிக்கப்பட்டது. கூரை சரியாகிவிட்டால் ஏணி எதற்கு என்று குறிப்பு. நியாயம்தான்.

டிசம்பர் 11, புதன்

டேப்லெட் வந்துவிட்டது. பயிற்சி கொடுத்தார்கள். இனிமேல் படிவம் கிடையாது, வாசிப்பு கிடையாது. ஒவ்வொருவரையும் போட்டோ எடுத்து, விரல்ரேகை வைத்து ஏற்ற வேண்டும். பழைய பட்டியலில் இருந்து, போட்டோ இல்லாத வீட்டை நீக்க வேண்டும். நீக்கக் காரணம் கேட்கும். இரண்டே கட்டம். இறப்பு. இடம்பெயர்வு. ஒன்றைத் தொடாமல் அடுத்த பக்கம் போகாது. தேவை என்று எழுதிக் கேட்டது நாங்கள்தான்.

ஜனவரி 1, புதன்

சைக்கிளுக்குக் காற்று.

ஜனவரி 7, செவ்வாய்

வெள்ளூரணி. மாணவர்கள் நூற்றுப் பன்னிரண்டும் முடித்துவிட்டார்கள். கடைசி வீட்டுக்கு நானே போகிறேன் என்றேன். இந்தத் தடவை பொய் இல்லை.

கதவு பூட்டவில்லை. சாத்தியிருந்தது. வாசலில் நின்றேன். உள்ளே யாரோ பாத்திரம் வைக்கும் சத்தம் நின்றது. நான் வந்தது தெரிந்து நின்ற மாதிரி. கதவுக்கு அந்தப் பக்கம் மூச்சு விடும் தூரத்தில் ஒருவர் நின்றால் தெரியுமல்லவா. தெரிந்தது.

தள்ளியிருக்கலாம். உள்ளே யாரும் இல்லை என்றால் என்ன செய்வேன்? அந்தப் பயத்தில்தான் ஏழு வருடம் நிமிராமல் வாசித்தேன்.

டேப்லெட்டைத் திறந்தேன். எண் 113. தாரணி. போட்டோ இல்லை. நீக்கக் காரணம்.

முதல் கட்டத்துக்கு நேரே விரலைக் கொண்டுபோனேன். அதுதான் சரியான விடை என்று எனக்குத் தெரியும். பிளஸ் டூவில் தோற்றவனுக்கும் தெரியும். 2017 ஜனவரி மூன்றாம் தேதி ஆஸ்பத்திரியில் பாப்பாவின் பெயருக்கு நேரே அதே வார்த்தையைப் போட்ட தாளில் கையெழுத்துப் போட்டவன் நான். அப்புறம் எதிலும் அந்தக் கட்டத்தில் ‘இல்லை’ என்றே எழுதி வந்திருக்கிறேன்.

இரண்டாவது கட்டத்தைத் தொட்டேன். இடம்பெயர்வு. புதிய முகவரி என்று கேட்டது. அடித்தேன். கதவு எண் 27, வடக்குத் தெரு. ஊர் பெயர். பின்கோடு. என் வீட்டு முகவரியைப் பிழையில்லாமல் அடிக்க இரண்டு நிமிடம் ஆயிற்று.

பதிவு ஏற்கப்பட்டது என்று பச்சையில் வந்தது.

பாதையில் முத்திருளாயி எதிரே வந்தது. “காலி பண்ணுதா அண்ணே?” என்று கேட்டது. ஆமாம் என்றேன். “நல்லதுதான். இம்புட்டு நாளா ஒத்தையில கெடந்துச்சு” என்றது.

ஜனவரி 8, புதன்

காலையில் எழுந்தபோது அடுப்படியில் பஞ்சவர்ணம் ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருந்தாள். எட்டு வருடமாக நான் கேட்காத சத்தம். வெளியே போய்ச் சைக்கிளைப் பார்த்தேன். இரண்டு டயரும் செம்மண். எங்கள் தெருவில் கரிசல். பின் டயரில் ஒரு கருவேலமுள் குத்தி, முனை ஒடிந்திருந்தது. பஞ்சர் ஆகவில்லை.

உள்ளே வந்தேன். இட்லி எடுத்து வைத்திருந்தாள். மூன்று தட்டு.

உட்கார்ந்தேன். பின்கட்டில் யாரோ கால் கழுவும் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. தலையைக் குனிந்து தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். பழக்கம்.

“நிமிந்துதான் பாருங்களேன்” என்றாள் பஞ்சவர்ணம்.

இன்றைய வேலை: லீவு.